பட்டறைக்கும் உரியது நிறுவன நிதி

நிறுவன நிதி என்னும் பாடம் மூன்று கேள்விகளைச் சுற்றி அமைந்தது. பணத்தை எதில் போடுவது, அதை எங்கிருந்து திரட்டுவது, அன்றாடம் கையில் ரொக்கம் வற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி. பி.காம்., பி.பி.ஏ. படிப்புகளில் இது நிதி மேலாண்மை என்ற தாளாக வருகிறது. எம்.பி.ஏ.வில் இன்னும் விரிவாக வருகிறது. பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் இதன் பக்கம் போவதே இல்லை.

சென்னையை ஒட்டிய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தப் பாடத்தைப் பற்றி ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. இது பங்குச்சந்தையில் பட்டியலான பெரிய கம்பெனிகளுக்கான படிப்பு, லேத் பட்டறைக்கும் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டுக்கும் உதவாது, டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி.யும் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும், மற்றதைத் தொழிலே கற்றுக்கொடுக்கும் என்பது அதன் சாரம். பெற்றோர் இதைச் சொல்கிறார்கள், யூனிட் முதலாளிகள் சொல்கிறார்கள், தாளை நடத்தும் ஆசிரியர்கள் சிலரும் சொல்கிறார்கள். கருத்து முழுக்கத் தவறு. அதனால் அதிகம் இழப்பவர்களும் எந்தச் சிறு தொழிலின் பெயரால் அது சொல்லப்படுகிறதோ அந்தச் சிறு தொழில்காரர்கள்தான்.

பெரிய கம்பெனிக்கான படிப்பு என்ற வாதத்தை முதலில் பார்க்கலாம். இந்த வட்டாரம் பெரிய ஆலைகளும் சிறு பட்டறைகளும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்த இடம். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. 1960களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா ஆகியவை வந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவானது. பேட்டையின் யூனிட்டுகளில் பல, பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்தும் ஜாப் ஒர்க் எடுத்தும் வாழ்பவை. பொருளை இன்று அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பதுதான் அவற்றின் இயல்பான நிலை. பெரிய ஆலையில் நிதியைக் கவனிக்கத் தனித் துறை இருக்கிறது. பட்டறையில் அந்தத் துறையும் முதலாளியே. ஒரு தவறான கடனைப் பெரிய கம்பெனி அடுத்த ஆண்டு லாபத்தில் கரைத்துவிடும். பட்டறையில் அதே தவறு வீட்டுப் பத்திரம் வரை வந்து நிற்கும்.

இதற்கு, அன்றாடத் தொழிலில் சுழலும் பணமான நடைமுறை மூலதனத்தின் கணக்கைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. சிறு தொழில்களுக்கு வங்கி எவ்வளவு நடைமுறைக் கடன் தர வேண்டும் என்பதற்கு 1990களின் தொடக்கத்தில் பி.ஆர். நாயக் குழு ஒரு விதி வகுத்தது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம் தேவை. அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை முதலாளி போட வேண்டும். வங்கிக் கிளைகளில் இன்றும் இந்த விதி புழங்குகிறது. 25 சதவீதம் என்றால் ஆண்டில் கால் பங்கு, அதாவது மூன்று மாதம். மூலப்பொருளில் போட்ட ரூபாய் மூன்று மாதத்தில் ரொக்கமாகத் திரும்பிவிடும் என்ற அனுமானத்தின் மேல் விதி நிற்கிறது.

ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்கும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 10 லட்சம். விதிப்படி தேவை 30 லட்சம். வங்கி 24 லட்சம், சொந்தப் பணம் 6 லட்சம். இரும்பு வாங்கி, ஸ்டாக் வைத்து, வேலை முடிக்க 45 நாள். பார்ட்டி பணம் தர 45 நாள். மொத்தம் 90 நாள், கணக்கு சரியாக நிற்கிறது. பார்ட்டி 45 நாளுக்குப் பதில் 105 நாளில் பணம் தரத் தொடங்கினால் சுழற்சி 150 நாளாகிறது. இப்போது தேவை 50 லட்சம். துண்டு விழும் 20 லட்சத்தை நூற்றுக்கு இரண்டு வட்டியில் வெளியே வாங்கினால், மாதம் 2 சதவீதம், ஆண்டுக்கு 24 சதவீதம், அதாவது 4.8 லட்சம் வட்டி. விற்பனையில் 8 சதவீதம் லாபம் நிற்கும் யூனிட் என்றால் ஆண்டு லாபமே 9.6 லட்சம்தான். அதில் சரிபாதி போய்விடுகிறது. மெஷின் ஓடியது, ஆர்டர் குறையவில்லை, ரிஜெக்‌ஷன் இல்லை. பணம் வரும் நாள் மட்டும் தள்ளிப்போனது.

ஆர்டர் நிறைந்திருக்கும்போதே சம்பளத்துக்குப் பணம் தேடி அலையும் யூனிட்டுகளின் புதிர் இதில் அவிழ்கிறது. விற்பனை இரட்டிப்பானால் நடைமுறை மூலதனமும் இரட்டிப்பாக வேண்டும். லாபத்தில் மிஞ்சுவது அதற்குப் போதாது. லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது இந்தப் பாடத்தின் அரிச்சுவடி. அதைப் படித்தவர் பெரிய ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் சுழற்சி நாட்களை எண்ணுவார். வங்கியில் வரம்பைக் கூட்டக் கேட்கும்போதும் விதியைக் காட்டிக் கெஞ்சாமல் தன் யூனிட்டின் உண்மையான சுழற்சியை எழுதிக் கொடுத்து வாதாடுவார்.

அடுத்தது, அனுபவமே எல்லாம் கற்றுத்தரும் என்ற வாதம். எட்டாம் வகுப்பு படித்தவர் ஐந்து ஷெட் கட்டியிருக்கிறார் என்று இதற்கு உதாரணம் காட்டப்படும். அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களின் திறமையும் உழைப்பும் மதிப்புக்குரியவை. ஆனால் அந்த உதாரணம் பிழைத்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. பூட்டிய ஷெட்டின் முதலாளியை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. அனுபவம் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு வாங்கும் கட்டணம் சொந்தப் பணம். நிதியில் ஒரு தவறு வெளிப்பட மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் கையெழுத்து போட்டாகிவிட்டது.

இயந்திரம் வாங்கும் முடிவில் இது அப்படியே தெரிகிறது. ஒரு சி.என்.சி. இயந்திரத்தின் விலை 30 லட்சம் என்று வைப்போம். கரண்ட், ஆள் கூலி, டூல் செலவு எல்லாம் போக ஆண்டுக்கு 8 லட்சம் வீதம் ஐந்து ஆண்டு கிடைக்கும். முடிவில் 5 லட்சத்துக்கு விற்கலாம். வருமான வரியை இங்கே விட்டுவிடலாம். போட்டது 30, வருவது 45, எனவே 15 லட்சம் லாபம் என்பது அனுபவத்தின் கணக்கு. பாடத்தின் கணக்கு வேறு. ஐந்தாம் ஆண்டில் வரும் எட்டு லட்சமும் இன்று கையிலுள்ள எட்டு லட்சமும் ஒன்றல்ல. 12 சதவீத வட்டியில் (பாடம் இதைக் கழிவு வீதம் என்கிறது) வரவுகளை எல்லாம் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் சுமார் 31.7 லட்சம் வருகிறது. விலையைவிட 1.7 லட்சம் கூடுதல், வாங்கலாம். 18 சதவீதத்தில் குறைத்தால் சுமார் 27.2 லட்சம்தான். அந்த வட்டிக்குக் கிடைத்த பணத்தில் வாங்கினால் 2.8 லட்சம் நட்டம்.

இயந்திரத்துக்கான 30 லட்சத்துக்கு வங்கி 12 சதவீதம் கேட்கிறது, குறையும் நிலுவையில், ஐந்தாண்டுத் தவணை. ஆனால் ஈடும் ஆவணங்களும் கேட்டு மாதக்கணக்கில் இழுக்கிறது. தனியார் பைனான்சியர் ஒரே வாரத்தில் தருகிறார், 10 சதவீத பிளாட் வட்டி, மூன்று ஆண்டுத் தவணை. பத்து, பன்னிரண்டைவிடக் குறைவுதானே என்று எண்ணத் தோன்றும். பிளாட் வட்டியில் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடுகிறது. 30 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 9 லட்சம். 39 லட்சத்தை 36ஆல் வகுத்தால் மாதத் தவணை 1,08,333 ரூபாய். இதன் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். தவணைக்காக ஆண்டுக்கு 13 லட்சம் கட்ட வேண்டும், இயந்திரம் தருவதோ 8 லட்சம். மூன்று ஆண்டுகளில் 15 லட்சத்தை வேறெங்கிருந்தோ இட்டு நிரப்ப வேண்டும். வங்கிக் கடனில் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 8 லட்சம். இயந்திரம் தன் கடனைத் தானே அடைத்துக்கொள்ளும். ஒரே இயந்திரம், ஒரே ஆர்டர், ஒரே ஆபரேட்டர். ஒரு வழியில் பட்டறை நிமிர்கிறது, மறுவழியில் முழுகுகிறது. இந்த வேறுபாட்டை இயந்திரத்தை எத்தனை ஆண்டு ஓட்டினாலும் கற்க முடியாது. கல்லூரி வகுப்பில் இரண்டு மணி நேரம் போதும்.

சிறு தொகைகளிலும் இதே நிலைதான். உடனே பணம் வேண்டுமானால் பில்லில் 2 சதவீதம் விட்டுக்கொடுங்கள் என்று பார்ட்டி கேட்பது பேட்டையில் வாடிக்கை. வழக்கமாக 90 நாளில் தரும் பார்ட்டி என்றால் அந்த 2 சதவீதம் ஆண்டுக்குச் சுமார் 8.3 சதவீத வட்டிக்குச் சமம். 45 நாளில் தரும் பார்ட்டி என்றால் சுமார் 16.5 சதவீதம். 11 சதவீதத்தில் வங்கியின் சி.சி. (ரொக்கக் கடன்) வைத்திருப்பவர் முன்னவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், பின்னவரிடம் மறுக்க வேண்டும். இரண்டு சதவீதம்தானே என்று இருவரிடமும் தலையாட்டுவது ஆண்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் கசியும் நட்டம்.

டேலி போதும் என்ற வாதம் மாணவர்களிடம்தான் அதிகம். டேலியும் ஜி.எஸ்.டி. படிவமும் தெரிந்திருப்பது அவசியம். அதில் தகராறு இல்லை. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் போன்றவை வேலைத்திறனை முன்வைப்பதும் நல்லதே. ஆனால் கணக்கு மென்பொருள் நடந்துமுடிந்ததைப் பதிகிறது. அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்பதை அது முடிவுசெய்யாது. பார்ட்டிக்கு பில் போட்டதும் ஜி.எஸ்.டி. பொறுப்பு வந்துவிடுகிறது. உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதமே கட்ட வேண்டும். பார்ட்டியின் பணம் மூன்று மாதம் கழித்து வரும். இடைவெளியில் அரசுக்குக் கட்டிய வரிக்கும் யூனிட்டே நிதி போடுகிறது. படிவத்தைச் சரியாக நிரப்பத் தெரிந்தவருக்கு இந்த நிதித் தேவை புலப்பட வேண்டிய அவசியம் இல்லை. அதைப் பார்க்கப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சிக்குப் பெயர்தான் நிதி மேலாண்மை.

சட்டம் தந்திருக்கும் உரிமையைப் பயன்படுத்தவும் இதே அறிவு தேவை. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு யூனிட்டுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்து, உரிய நாளுக்குள் தராத தொகையை, அது உண்மையில் தரப்படும் ஆண்டின் செலவாக மட்டுமே காட்ட முடியும்படி செய்தது. பார்ட்டியை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் பல யூனிட்டுகள் இதைக் கேட்பதில்லை. அந்த அச்சம் நியாயமானதா என்பதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 105 நாள் காக்கவைக்கும் பார்ட்டி யூனிட்டின் பாதி லாபத்தைத் தின்கிறது என்று தெரிந்த பிறகு, அவரை விடக்கூடாது என்பது தானாகவே உறுதியான முடிவாக இருக்காது. விலையைக் கூட்டிக் கேட்கவாவது கையில் ஒரு எண் இருக்கும்.

கொஞ்சம் படித்தவர்களின் எதிர்ப்பு வேறு வகை. இந்தப் பாடத்தின் கோட்பாடுகள் பொய்யான அனுமானங்களின் மேல் கட்டப்பட்டவை என்பது அவர்கள் வாதம். பொருளியலாளர்கள் மோடிக்லியானியும் மில்லரும் 1958இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்காட்டுவார்கள். வரி இல்லை, திவால் செலவு இல்லை, எல்லோருக்கும் ஒரே தகவல் என்று வைத்துக்கொண்டால், கடனும் சொந்த முதலும் எந்த விகிதத்தில் இருந்தாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்றது அது. அம்பத்தூரில் வரி உண்டு, திவால் உண்டு, வங்கிக்குத் தெரியாத தகவலும் உண்டு. அதனால் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது கோட்பாட்டைத் தலைகீழாகப் படிப்பது. கடன் வாங்குவதாலேயே மதிப்பு கூடிவிடாது; கூடினால் வரிச் சலுகையாலோ வேறொரு குறிப்பிட்ட காரணத்தாலோதான் கூட வேண்டும்; குறைந்தால் நொடிப்பின் செலவால் குறையலாம் என்று எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டுகிறது. 2019இல் வாகன விற்பனை சரிந்து பாடியின் உதிரிபாக ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தபோதும், 2020இல் ஊரடங்கு வந்தபோதும், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தபோதும், நொடிப்பின் செலவு என்ன என்பது கண்ணெதிரே தெரிந்தது. கடன் மிகுந்த யூனிட்டுக்கு நின்றுபோன ஒரு மாதமும் தவணை மாதம்தான். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தபோதும் வட்டி நிற்கவில்லை; தள்ளிவைத்த ஆறு மாதமும் நிலுவையின் மேல் ஏறிக்கொண்டே போனது.

கோட்பாடு நடைமுறையானதற்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. ஒரு சொத்துக்கான வட்டியை அதன் ஆபத்தே தீர்மானிக்க வேண்டும், அதை வைத்திருப்பவரின் நிலைமை அல்ல என்பது பாடத்தின் மையமான விதி. மேலே சொன்ன இயந்திரக் கணக்கில் கடன் வட்டியையே அளவுகோலாகக் கொண்டது சிறு யூனிட்டுக்கு வேறு முதல் கிடைக்காததால்தான். முறையான கணக்கில் இயந்திரத்தின் ஆபத்துக்கேற்ற வீதத்தைத் தேட வேண்டும். இந்த விதியின் மேல்தான் ரிசர்வ் வங்கியின் டிரெட்ஸ் ஏற்பாடு நிற்கிறது. சிறு யூனிட்டின் பில்லைப் பெரிய கம்பெனி ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் அதற்கு ஏலம் கேட்கின்றன. பணம் தர வேண்டியது பெரிய கம்பெனி என்பதால் வட்டி அதன் நம்பகத்தை ஒட்டி அமைகிறது; கம்பெனி தவறினாலும் வங்கி யூனிட்டிடம் திரும்பி வராது. ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பணம் தேடும் முதலாளியின் மேசையில் பெரிய கம்பெனி ஏற்ற பில் கிடக்கிறது என்றால், குறை கோட்பாட்டில் இல்லை.

அமெரிக்காவில் கிரஹாமும் ஹார்வியும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த 392 நிதித் தலைவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து விலையைக் கழிக்கும் நிகர இன்றைய மதிப்பு முறையை எப்போதும் அல்லது ஏறக்குறைய எப்போதும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சிறிய நிறுவனங்களோ, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற எளிய கணக்கையும் ஏறக்குறைய அதே அளவில் பயன்படுத்தின. சிறு தொழிலுக்கு எளிய கணக்கே போதும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவதுண்டு. சிறியவர்கள் எளிய கணக்கையும் அதே அளவில் நாடுகிறார்கள் என்பது மற்ற முறை அவர்களுக்குத் தேவையில்லை என்பதை நிறுவாது. மேலே கண்ட இயந்திரத்தில் போட்ட பணம் திரும்ப மூன்றே முக்கால் ஆண்டு. 12 சதவீதக் கடனிலும் அதே விடை, 18 சதவீதக் கடனிலும் அதே விடை. முழுகுவதையும் நிமிர்வதையும் பிரித்துக் காட்டாத கணக்கு எளிமையாக இருந்து பயனில்லை.

நிதியைப் பற்றிப் பேசவே தேவையில்லாமல் இருந்த இடத்துக்கும் இந்தப் பாடம் வந்து சேர்ந்ததை ஆவடியில் பார்க்கலாம். கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து பாதுகாப்பு அமைச்சகத்தின் துறை அமைப்பாக இயங்கியது. பட்ஜெட்டில் பணம் வந்தது, ராணுவத்துக்கு டாங்கிகள் போயின. 2021 அக்டோபர் 1 முதல், அதை நிர்வகித்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டது. கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் அதன் கீழ் வந்தன. இந்த மாற்றம் சரியா என்பது தனி விவாதம். தொழிலாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. எது எப்படியானாலும், இப்போது அந்தத் தொழிற்சாலை, நிறுவனச் சட்டத்தின் கீழ் இருப்புநிலைக் குறிப்பு வெளியிட வேண்டிய ஒரு கம்பெனியின் பகுதி. மாற்றத்துக்குச் சில நாள் முன் 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்குக் கிடைத்தது. பல ஆண்டு இழுக்கும் அத்தகைய ஆர்டரில் முன்பணம் எவ்வளவு, தவணை எப்போது, இடைப்பட்ட ஸ்டாக்குக்கு யார் பணம் போடுவது என்பவை இனிக் கம்பெனியின் கேள்விகள். அதற்கு உதிரிபாகம் தரும் சிறு யூனிட்டுகளுக்கும் அவையே கேள்விகள். நேற்று வரை பெரிய கம்பெனிப் படிப்பு என்று ஒதுக்கப்பட்டது ஆவடி வாசலிலேயே வந்து நிற்கிறது.

எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டுகளில் ஒன்று மட்டும் முழு உண்மை. பாடம் மோசமாக நடத்தப்படுகிறது. ‘கழிவு வீதம் 12 சதவீதம் எனக் கொள்க’ என்று தொடங்கும் கணக்கை மாணவர் ஆயிரம் முறை போடுகிறார். அந்த 12 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கப்படுவதில்லை. இன்றைய மதிப்பு அட்டவணையைப் பார்க்கத் தெரிகிறது. பிளாட் வட்டி விளம்பரத்தைப் படிக்கத் தெரிவதில்லை. நடைமுறை மூலதனம் பத்து மதிப்பெண் கணக்காக முடிகிறது. வங்கிக்கு மாதாமாதம் போகும் ஸ்டாக் அறிக்கையும் அதிலிருந்து வரும் டிராயிங் பவரும் (எடுக்கக்கூடிய கடன் அளவு) வகுப்புக்குள் வருவதே இல்லை. இப்படிப் படித்தவர் அம்பத்தூரின் ஐ.டி. பார்க் ஒன்றில் வெளிநாட்டுக் கம்பெனியின் பில்களைப் பதிவுசெய்யும் வேலையில் சேர்ந்தால், அந்தப் பில்லை 60ஆம் நாள் செலுத்தச் சொல்வது ஏன் என்று கேட்காமலே ஆண்டுகளைக் கழிக்க நேரும்.

ஆனால் மோசமாக நடத்தப்படுவது திருத்துவதற்கான காரணம், கைவிடுவதற்கான காரணம் அல்ல. திருத்தவும் பெரிய செலவு இல்லை. பட்டாபிராமிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் அரை மணி, ஒரு மணி தூரத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது. நிதி மேலாண்மைத் தாளை எடுக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு யூனிட்டின் சுழற்சி நாட்களை எண்ணி, அதன் ஒரு கடனின் உண்மையான வட்டியைக் கணக்கிட்டு, முதலாளியிடமே விளக்கிவிட்டு வர வேண்டும் என்று துறைகள் வைக்கலாம். யூனிட்டின் பெயரை மறைத்துக்கொள்ளலாம். தேர்வுத் தாளில் கழிவு வீதத்தைக் கொடுக்காமல், கடன் நிபந்தனைகளைக் கொடுத்து வீதத்தை மாணவரே கண்டுபிடிக்கும்படி கேட்கலாம். பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப்பணியில் இயந்திரத்தின் வடிவமைப்போடு அதை வாங்கும் கணக்கையும் கேட்கலாம். நாளை பட்டறை தொடங்கப்போகிறவர்களில் பலர் அந்த மாணவர்கள்தான்.

பெற்றோரும் முதலாளிகளும் பிள்ளைகளிடம் இந்தத் தாளைப் பாஸ் மார்க்குக்கு மட்டும் படி என்று சொல்வதை நிறுத்த வேண்டும். அடுத்த முறை பிளாட் வட்டியில் கடன் பத்திரம் வீட்டுக்கு வரும்போது, கையெழுத்து போடும் முன் அதைக் கல்லூரியில் படிக்கும் மகளிடமோ மகனிடமோ கொடுத்து உண்மையான வட்டியைக் கணக்கிடச் சொல்லுங்கள்.